மறுமுனையில் யாருமில்லை

ஆய்வகத்தில் மேசைக்கு இரண்டு பேர். கடைசியாக வந்து சேர்ந்த செங்கமலத்துக்கு மட்டும் ஜோடி கிடையாது.

அவள் முன்னால் பேராசிரியர் தணிகாசலம் ஒரு பெட்டியை வைத்தார். "நானே செஞ்சது. இந்தப் பக்கம் கரண்ட் விட்டா அந்தப் பக்கம் பெருகி வரும். எத்தனை மடங்குன்னு அளந்து சொல்லு. இல்லேன்னா பெயில்!"

செங்கமலம் மீட்டரைப் பார்த்தாள். "பூஜ்யம் சார்."

"என் பெட்டியா பூஜ்யம்?"

"பெட்டி நல்ல பெட்டிதான் சார். மறுமுனையில மாட்ட வேண்டிய ரெசிஸ்டரைத்தான் நீங்க குடுக்கல. அந்தப் பக்கம் யாருமில்லேன்னா, இந்தப் பக்கம் எவ்வளவு இருந்தும் ஒண்ணும் ஓடாது. எனக்குத் தெரியும் சார்."

வகுப்பே சிரித்தது. தணிகாசலம் சட்டைப்பையைத் துழாவி, மறந்துபோன ரெசிஸ்டரை எடுத்து நீட்டினார்.

பெட்டிக்குத் துணை கிடைத்துவிட்டது. செங்கமலத்தின் பக்கத்து ஸ்டூலில் அவளுடைய பைதான் உட்கார்ந்திருந்தது.