பத்தாவது ஆள்

யார் பக்கமும் சாயாமல் கடைசிவரை கேளுங்கள். தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

கடலோர ஊர் ஒன்றில் யூதக் குடும்பங்கள் சில இருந்தன. அவர்களுடைய பழைய ஜெபாலயம் புயலில் இடிந்தது. புதியதைத் தாங்களே கட்டினார்கள். கூலிக்கு ஒருவரையும் வைக்கவில்லை. மூப்பர் எசேக்கியேல்கூடக் கல் சுமந்தார். எல்லாரையும்விட அதிகம் உழைத்தவன் தச்சன் மனாசே. அவன் மனைவி சிம்கா மணல் சலித்தாள், சுண்ணாம்பு குழைத்தாள். ஒரே மகனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வேலையில் துக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்த தம்பதி அவர்கள்.

மிளகு வியாபாரி நப்தலி மட்டும் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை. இடுப்பு வலியாம். சந்தையில் மூட்டை புரட்டும்போது அந்த வலி எங்கே போகுமோ, தெரியாது.

இறந்தவருக்கான ஜெபத்தை நினைவு நாளில் சொல்லப் பத்து ஆண்கள் கூடவேண்டும். பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நப்தலியையும் சேர்த்து ஊரில் இருந்ததே பத்து யூத ஆண்கள்தான். மகனின் முதல் நினைவு நாளன்றே திறப்பு விழா அமைந்தது. அந்த ஜெபத்தைக் காதால் கேட்டால் போதும் என்று சிம்கா காத்திருந்தாள். வேதச் சுருளைச் சுமந்து உள்ளே வரும் பெருமையை மனாசேக்குத் தருவதாக மூப்பர் வாக்களித்திருந்தார்.

விழாவன்று நப்தலி பட்டு அங்கியில் வந்து நின்றான்.

"சுருளை நான்தான் தூக்குவேன். முடியாதுன்னா சொல்லிடுங்க, இப்பவே கிளம்பறேன்."

மூப்பர் மனாசேயைத் தனியே அழைத்தார். "நீ நம்ம ஆளுப்பா, விட்டுக்கொடு. அவர் போயிட்டா உன் மகனுக்கே ஜெபம் கிடையாது."

மனாசே விலகி வழிவிட்டான். நப்தலி சுருளோடு உள்ளே நுழைந்தான்; பாட்டு முழங்கியது. ஆட்களை விரல்விட்டு எண்ணுவது அவர்கள் வழக்கமல்ல. பத்துச் சொல் கொண்ட வேத வசனத்தை, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். மூப்பர் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லுக்கு ஆள் இல்லை. மனாசே போய்விட்டிருந்தான்.

சிம்கா பெண்கள் அமரும் மாடத்திலிருந்து இறங்கித் தெருவில் அவன் பின்னால் ஓடினாள்.

"புள்ளைக்காக வாங்க. உங்க கால்ல விழறேன்."

"அவன் பேரைச் சொல்லித்தான் என் வாயை அடைச்சாங்க, சிம்கா. அந்த ஜெபம் எனக்கு வேண்டாம்."

அவன் திரும்பவில்லை. சூரியன் சாய்ந்தது, அவர்கள் வழக்கப்படி அத்தோடு அந்த நாள் முடிந்தது. ஜெபம் நடக்கவேயில்லை.

இப்போது சொல்லுங்கள்: அகம்பாவம் பிடித்த நப்தலி, வாக்குத் தவறிய மூப்பர், கோபத்தில் வெளியேறிய மனாசே. இந்த மூவரில் ஜெபத்தைக் கெடுத்தது யார்?

விடை: ஊர் மனாசேயைத்தான் திட்டியது. நான் மூப்பரைச் சொல்வேன். பத்துப் பேரில் எவர் போனாலும் மிஞ்சுவது ஒன்பதுதான். இது தெரியாதவரா அவர்? மிரட்டியவன் போய்விடுவான் என்று பயந்தார். உழைத்தவன் எங்கே போய்விடப் போகிறான் என்று நினைத்தார். நப்தலி அவ்வளவு எளிதில் போகிறவனும் அல்ல. மனாசே மேலும் எனக்குக் கோபம் உண்டு. அவன் மானம் அவனுக்குப் பெரிது, சரி. இறந்தது சிம்காவின் மகனும்தானே? மூப்பர், மனாசே இருவருமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.