காரி மேய்ந்த கோதுமை

அடிவயிற்றிலிருந்து எழுந்து, பாதியில் வெறும் காற்றாகிப் போகும் மாட்டின் குரல். முன்னொரு காலத்தில், பனிமலை அடிவாரத்து நாடு ஒன்றில், மார்கழி பிறந்தால் வீட்டுக்கு வீடு அந்தக் குரல்தான் கேட்கும். கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே: புல்லெல்லாம் கருகிக் கிடக்க, கோதுமை மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆனால் ஒரு மாட்டையும் அதில் வாய்வைக்க விடமாட்டார்கள்.

காரணம் ஒரு சாபம். மலைமேல் வாழ்ந்த மந்திரவாதியின் பசு ஒருமுறை பயிரில் இறங்கியது. ஊரார் கம்பெடுத்து விரட்ட, பள்ளத்தில் விழுந்து செத்தது. "இனி மாடு வாய்வைத்த கோதுமை மணி பிடிக்காது" என்று சொல்லிவிட்டான் அவன். அன்றிலிருந்து மாட்டைக் காத்தால் பிள்ளை பட்டினி. பிள்ளையைக் காத்தால் மாடு பட்டினி.

கொண்டம்மைக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. காரி என்ற கறுப்புப் பசு மட்டும்தான். அதன் விலா எலும்பு தெரியத் தொடங்கியதும் மலையேறிப் போய், சாபத்தை எடுக்கும்படி கேட்டு நின்றாள்.

"சொன்ன சொல்லை என்னாலேயே திரும்ப வாங்க முடியாது, பெண்ணே" என்றான் மந்திரவாதி. "மாடு வயிறார மேய்ந்த கோதுமைத் தூரிலிருந்து முற்றிய கதிர் ஒன்றே ஒன்று கொண்டுவா. அதன் விதையில் என் சாபம் ஒட்டாது."

"மேய்ந்தால்தான் மணி பிடிக்காதே?"

"உன் மாட்டிடமே கேள்." ஒரு சிட்டிகைச் சாம்பல் கொடுத்தான்.

வீடு திரும்பி அதைக் காரியின் நாக்கில் தடவியதும் அது பேசிய முதல் வார்த்தை, "பசிக்கிறது." பிறகு சொன்னது: "கோதுமைத் தாளின் அடியைத் தொட்டுப் பார். உள்ளே கணு எழும்பும்வரை நான் மேயலாம். எழும்பினால் கதிர் கிளம்பிவிட்டது. அப்புறம் ஒரு வாய்கூட விடாதே. நான் கெஞ்சினாலும் விடாதே."

முதல் வருஷம் கணு எழும்பியது. "இன்னும் ஒரு வாய், கொண்டம்மா" என்றது காரி. அவளுக்கு மனசு கேட்கவில்லை; விட்டாள். வயல் முழுக்கப் பதர்.

இரண்டாம் வருஷம் பயந்து, அரைவயிற்றிலேயே இழுத்துக் கட்டினாள். மேய்ந்த இடமெல்லாம் பதர். காரிக்கு எட்டாத ஓரத்தில் மட்டும் கதிர். அதைக் கொண்டுபோனாள். மந்திரவாதி மோந்து பார்த்து, "இதில் மாட்டின் மூச்சே இல்லை" என்று கீழே போட்டான்.

"மாட்டுக்கும் ஆகாம மனுஷனுக்கும் ஆகாம என்ன வெள்ளாமை அம்மா இது!" என்று சிரித்தான் பக்கத்து வயல் பெரியண்ணன்.

மூன்றாம் வருஷம் மழையும் இல்லை, வைக்கோலும் இல்லை. காரி வயிறார மேய்ந்தது. ஒரு காலையில் கொண்டம்மையின் விரலுக்குக் கணு தட்டுப்பட்டது.

"இன்னும் ஒரு வாய், கொண்டம்மா."

"போதும், காரி."

"வேறே எங்கே போய்த் தின்பேன்?"

கொண்டம்மை கயிற்றைப் பிடித்தாள். இழுத்துக் கட்டினாள். காரி கெஞ்சியது, பிறகு திட்டியது, பிறகு பேச்சை விட்டது. கதிர் வெளிவருவதற்குள் செத்துப்போனது.

அறுவடையில், மேய்ந்த வயலெங்கும் பதருக்கு நடுவே ஒரே ஒரு தூரில் கதிர் கனத்துச் சாய்ந்திருந்தது. அதைக் கையில் வாங்கிய மந்திரவாதி, தன் பசுவை நினைத்தோ இவள் பசுவை நினைத்தோ, வாய்விட்டு அழுதான். சொன்னபடியே அதன் மணிகளில் சாபம் ஒட்டவில்லை. அந்த விதை பெருகி, நாடு முழுக்கப் பனிக்காலத்தில் மாடு மேய்ந்தது, கோடையில் மணி விளைந்தது.

அரசன் கொம்புக்குப் பூண் போட்ட பசுக்களைப் பரிசாக அனுப்பினான். கொண்டம்மை அவற்றை ஊராருக்குக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு அவள் மாடு வளர்க்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் விதைக்கோதுமை அளந்துகொடுத்தபடியே வயதாகி, ஒரு தை மாதத்தில் இறந்துபோனாள்.