கோரை இல்லாத தோட்டம்

டேப்பின் ஒரு முனையைப் புன்னைவனத்தின் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு பிரிசில்லா மாதுளைச் செடி வரைக்கும் போனாள். அங்கே நின்று, சுவரை ஒட்டி நிற்கும்படி அவருக்குக் கையைக் காட்டினாள். புன்னைவனம் சுவரை ஒட்டி நின்றார். தன் பிழைப்பைக் கெடுக்கப்போகிற அளவைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

வீட்டுத் தோட்டங்களை மாற்றி அமைத்துக் கொடுப்பது பிரிசில்லாவின் தொழில். பாளையங்கோட்டையில் அவளுக்கு நல்ல பெயர். ஆவுடை டீச்சர்தான் அவளை வரச் சொல்லியிருந்தார். தோட்டம் டீச்சருடையது.

அளந்து முடித்ததும் பிரிசில்லா திட்டத்தைச் சொன்னாள். புல்தரையை அடியோடு எடுத்துவிடுவது. மண்ணை ஒரு முழம் தோண்டிச் சலிப்பது. மேலே கறுப்பு விரிப்பு, அதன்மேல் கூழாங்கல். நடுநடுவே நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ என்று தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்கிற செடிகள். வேருக்குச் சொட்டுநீர்க் குழாய். காலையில் வால்வைத் திருப்பினால் தீர்ந்தது.

“களை?” என்றார் புன்னைவனம்.

“வராது சார். விரிப்பு வெளிச்சத்தை விடாது.”

“கோரை கூடவா?”

“அதுக்குத்தானே சார் சலிக்கிறது.”

டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவர் பெயரைக் கேட்டாள். சொன்னார். பெயரே தோட்டமாக இருக்கிறதே என்று சிரித்தாள். புன்னைவனம் சிரிக்கவில்லை. அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அறை அறையாகப் போய் விசிறிகளை அணைத்தார். மருமகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் தலைக்குமேல் சுற்றியதையும் அணைத்தார். தூக்கம் போயிற்று. பேச்சு முழுக்கச் சிடுசிடுப்பாயிற்று. யாரோ ஆவுடை டீச்சரைப் பற்றிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர், பாதியிலேயே வேலையை விட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் வருவார்கள். மனசில் இருப்பதைக் கேட்பார்கள். டீச்சர் பதில் சொல்வார், அல்லது சொல்லமாட்டார். புன்னைவனத்தைவிட வயதில் பத்து வருஷம் சின்னவர். அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மனசு அடங்க வழி கேட்டு வந்த முதல் நாளே, புன்னைவனம் அந்தத் தோட்டத்தில் கோரை பிடுங்க உட்கார்ந்தார். அதற்குப் பிறகு விடியற்காலை தவறாமல் வந்தார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை உள்ளே உட்கார்ந்து பிறவியைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் பேசுவார்கள். அவர் வெளியே புல்லில் இருப்பார். கோரை லேசில் வராது. மேலே இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியில் தங்கிவிடும். விரலால் மண்ணை நெகிழ்த்தி, பக்குவம் பார்த்து இழுத்தால் சில சமயம் கிழங்கு அறுபடாமல் முழுசாக வரும். அப்படி வருகிற அந்த ஒரு இழுப்பில் அவர் மனசில் ஒன்றும் இருக்காது. அந்தச் சின்ன வெறுமைக்காகத்தான் இத்தனை வருஷமும் வந்தார். வீட்டில் விசிறிகள் சுற்றின. அவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

டீச்சர் வீட்டுக்கு வருகிறவர்கள் அவருக்குக் கோரை அண்ணாச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். மறுநாளைக்கு வேலை வேண்டுமென்று பாதிக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைக்கிறார் என்று கேலியும் செய்தார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

பிரிசில்லா போனதும் அவர் உள்ளே போனார். டீச்சர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு இந்த மாற்றம் என்று புன்னைவனம் கேட்டார்.

“குனிஞ்சு நிமிர முடியலை அண்ணாச்சி. முட்டி பேசுது.”

“நான் இருக்கேன்லா.”

“உங்களுக்கும் முட்டி இருக்குல்லா.”

தனக்கு ஒரு குறையும் இல்லை என்றார் புன்னைவனம். டீச்சர் ஒரு தட்டையும் கொஞ்சம் காயையும் கொடுத்து, தரையில் உட்கார்ந்து நார் உரிக்கச் சொன்னார். உரித்தார். முடிந்ததும், தட்டை அடுக்களையில் கொண்டுபோய் வைத்துவிட முடியுமா என்று கேட்டார் டீச்சர். புன்னைவனம் எழுந்தார். முதலில் சுவரைப் பிடித்தார். பிறகு ஜன்னல் கம்பியை. கடைசியில் டீச்சரின் நாற்காலிக் கையை. நிமிர்ந்து நின்றபோது தட்டு தரையிலேயே இருந்தது.

டீச்சர் அடுத்த காயை எடுத்தார்.

மறுவாரம் ஆட்கள் வந்தார்கள். புன்னைவனம் வழக்கம்போல விடியற்காலையிலேயே வந்து ஓர் ஓரத்தில் நின்றார். புல்தரை பாய்போலச் சுருண்டு வந்தது. மண்ணைத் தோண்டி, சாய்த்து நிறுத்திய கம்பி வலையில் வீசினார்கள். மண் அந்தப் பக்கம் விழுந்தது. இந்தப் பக்கம் கோரைக் கிழங்குகள் உருண்டு வந்து குவிந்தன. கறுப்புக் கறுப்பாக, மணிமணியாக. குவியல் இடுப்பளவு உயர்ந்தது. அவர் அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். இந்த ஜென்மம் முழுக்கப் பிடுங்கினாலும் தீர்ந்திருக்காது என்று தோன்றியபோது ஒரு நிம்மதி வந்தது. பின்னாலேயே அந்தக் குவியலை லாரியில் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அவர் பிரிசில்லாவைத் தனியாகப் பிடித்தார். அரைநெல்லி மரத்துக்குக் கீழே, சுவர் ஓரமாக, கொஞ்சம் இடத்தை மட்டும் தோண்டாமல் விட்டுவிட முடியுமா என்று கேட்டார். சலிக்க வேண்டாம். விரிப்பும் வேண்டாம். ஓர் ஆள் உட்காருகிற அளவு போதும். டீச்சருக்குச் சொல்லவேண்டிய அவசியமில்லை.

பிரிசில்லா தலையைச் சொறிந்தாள். அந்த இத்தனூண்டு இடத்திலிருந்து கோரை விரிப்புக்கு அடியில் புகுந்து தோட்டம் முழுக்க ஏறிவிடும், அப்புறம் தன் பெயர் கெட்டுவிடும் என்று விளக்கினாள்.

“நான் ஏற விடமாட்டேன்மா. தினம் வருவேன்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கோரைக்குச் சிபாரிசுக்கு வந்த முதல் ஆள் நீங்கதான் சார்.”

பார்க்கிறேன் என்றாள். மறுநாள் காலை தோட்டம் முழுக்கக் கறுப்பாக இருந்தது, அரைநெல்லிக்குக் கீழே மட்டும் பச்சை. புன்னைவனம் அதைத் தொடக்கூட இல்லை. சுற்றி வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். மருமகளிடம் இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சட்னி நன்றாக இருக்கிறது என்றார். அவள் பயந்துபோய்க் கணவனைப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த நாள் அவர் வந்தபோது, அந்தப் பச்சைமேல் ஆவுடை டீச்சர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பிரிசில்லா, கையில் டேப். ஓர் ஆள் மண்வெட்டியோடு காத்து நின்றான். டீச்சர் காலை எடுத்து வைத்ததும் அவன் வெட்ட ஆரம்பித்தான்.

டீச்சர் அவரைப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டீர்களே, நல்லது என்றார். புன்னைவனத்துக்குக் காது மடல் சுட்டது. மருந்துக் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அப்புறம் சில நாள் அவர் போகவில்லை. வீட்டிலேயே இருந்தார். அறை அறையாக நடந்தார். மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது விசிறி நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்து, டீச்சர் ஊரில் இல்லையா மாமா என்று கேட்டாள்.

இருக்கிறார் என்றார். தான் போவதை நிறுத்திவிட்டதாகச் சொல்ல வாய் வரவில்லை. முறையாகச் சொல்லிக்கொள்ளாமல் நின்றால் அது நின்றதாகவும் ஆகாது என்று பட்டது. ஒரு தடவை போய்ச் சொல்லிக்கொண்டு வந்துவிடுவோம் என்று முடிவு செய்தார். என்ன சொல்வது என்பதை நாலைந்து விதமாக யோசித்து வைத்தார்.

மறுநாள் விடியற்காலை கேட்டைத் திறந்தார். வேலை முடிந்திருந்தது. ஆட்கள் இல்லை. மண்வெட்டி இல்லை. கூழாங்கல்லில் வெளிச்சம் விழுந்து தரை முழுக்க மங்கலாக மின்னியது. நந்தியாவட்டைகள் அளவாக இடம் விட்டு நின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கையகல ஈரம். பார்க்க நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் அவருக்குக் கஷ்டமிருந்தது. ஒரு சுற்று நடந்தார். கண் தரையிலேயே தேடிக்கொண்டு போயிற்று. பச்சையாக ஒரு நுனி இல்லை.

அரைநெல்லிக்குக் கீழே ஒரு கல் பெஞ்சு போட்டிருந்தது. அவர் அதன் முன்னால் போய் நின்றார்.

டீச்சர் ரெண்டு டம்ளர் காபியோடு வந்தார். கூழாங்கல்லில் மெதுவாகக் கால் வைத்து நடந்தார்.

“என்ன அண்ணாச்சி, ஆளையே காணோம்?”

“வேலை இல்லையே டீச்சர்.”

டீச்சர் ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, பெஞ்சின் ஒரு பாதியில் உட்கார்ந்தார். “ஒரு ஆள் உக்காருத அளவு இடம் கேட்டீங்களாமே. பிரிசில்லா சொன்னா. போடுததுதான் போடுதோம், ரெண்டு ஆளுக்காப் போடுன்னேன்.”

“நான் கேட்டது அது இல்லை.”

“தெரியும்.”

யோசித்து வைத்த நாலைந்து விதமும் புன்னைவனத்துக்கு மறந்துபோயிற்று. கிடைத்ததைச் சொன்னார். முதல் நாள் டீச்சர் சொன்னதைத்தான் இத்தனை வருஷமும் செய்து வந்ததாகச் சொன்னார். வேறெதையும் கேட்டதில்லை, வேறெதுவும் வேண்டியிருக்கவும் இல்லை. கொடுத்தவரே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் தான் எங்கே போவது?

“முதல் நாள் என்ன சொன்னேன்?”

எழுத்துப் பிசகாமல் அவருக்கு நினைவிருந்தது. “அந்தக் கோரையைக் கொஞ்சம் பிடுங்கிட்டு இருங்கன்னீங்க.”

டீச்சர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. பிறகு அவருக்கு நினைவு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தார். காபி தளும்பி விரலில் வழிந்தது, அப்போதும் சிரித்தார். அன்றைக்கு அடுப்பில் பால் வைத்திருந்தாராம். கேட்டில் புது ஆள் நிற்கிறார், மனசைப் பற்றிக் கேட்கிறார், உள்ளே பால் பொங்குகிற வாசனை. வந்தவரைச் சும்மா நிறுத்திவைக்கவும் மனசில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஓடியிருக்கிறார். பாலை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால், அண்ணாச்சி பாய் விரிக்கிற அளவு இடத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு, வந்தபோது இருந்த முகம் மாறி உட்கார்ந்திருக்கிறார். எப்படி எழுப்புவது?

புன்னைவனத்துக்கு எத்தனை மார்கழி, எத்தனை மழை என்று மனசு ஓடியது.

“அப்போ அது உபதேசம் இல்லையா?”

“பால் பொங்கிரும்னு சொன்னது அண்ணாச்சி.”

கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பவும் செய்தது. ஆனால் வாய்க்கு வந்தபோது அது சிரிப்பாக இருந்தது. தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து டீச்சருக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. புன்னைவனம் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேருக்கும் அடங்கியது. தெருவில் பால்காரரின் மணி கேட்டது. அடங்கிய பிறகும் கேள்வி அங்கேயே இருந்தது.

“சரி டீச்சர். பாலுக்காகவே சொன்னதா இருக்கட்டும். அதை வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்துட்டேன். இனிமே எனக்கு என்ன வேலை?”

“நான் அன்னைக்கு ரெண்டுல்லா சொன்னேன்.”

“ரெண்டா?”

“பிடுங்கிட்டு இருங்கன்னேன். பிடுங்குத வேலை முடிஞ்சுட்டு.” டீச்சர் பெஞ்சின் காலிப் பாதியைக் கையால் தட்டினார். “இருங்க.”

புன்னைவனம் டம்ளரை இடது கைக்கு மாற்றினார். வேலைக்கென்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து, கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டார்.