காவாவைத் தொடாத தூதன்

செம்பவளப்பட்டினத்து ராஜா சேதிராயருக்கு மூளையைவிட மீசை பெரிசு. துறைமுகத்தில் ஒரு வெள்ளை அரபுக் குதிரையைப் பார்த்தார். அவ்வளவுதான்! "தேர்த்திருவிழாவில் இதன்மேல் ஏறித்தான் வருவேன்" என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார். குதிரைக்காரர் ஷேக் ராஷிதைக் கேட்கணுமே என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஷேக் கையை விரித்துவிட்டார். "அவள் எனக்கு மகள் மாதிரி. விற்க மாட்டேன்."

சபையில் அரபி தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் வாகீசப் பண்டிதர். அரபியைக் கரைத்துக் குடித்தவராம், சொன்னது அவரேதான். இன்னொருவன் திருமேனி, இரண்டு வருஷமாகப் படிக்கிறான், இன்னும் நடுத்தரம்தான்.

"பாதிக் கிணறு தாண்டினவனை அனுப்பாதீர்கள், பிரபு! என் அரபியைக் கேட்டால் குதிரை தானாக வரும்" என்றார் பண்டிதர்.

வந்தது என்னவோ பண்டிதர்தான், அதுவும் ஓட்டமாக. ஷேக்கின் கூடாரத்தில் அவர் இலக்கணம் பிசகாமல் பேசப் பேச, சின்னக் கிண்ணத்தில் காவா என்கிற கசப்பு அரபுக் காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்டணும். அது அவர்கள் வழக்கம். மகாபண்டிதருக்கு இதெல்லாம் எதற்கு? வயிறு கலக்கி, பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "திருமேனி, நீ போ! குதிரை வராவிட்டால் நீயும் இந்த ஊருக்குள் வராதே!"

பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவான், பாவம்! பயந்துகொண்டேதான் போனான். ஸலாம் சொல்லி உட்கார்ந்தான். கொடுத்த காவாவை உதட்டில்கூட வைக்காமல் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தான்.

ஷேக்கின் முகம் மாறியது. அவர்கள் குலத்தில் விருந்தாளி காவாவைத் தொடாமல் வைத்தால், ஏதோ வேண்டி வந்திருக்கிறான் என்று அர்த்தம். தருகிறேன் என்று சொல்லாமல் அனுப்பினால் வீட்டுக்காரருக்குத் தலைகுனிவு.

"குடியுங்கள் தம்பி, கேட்பதைத் தருகிறேன்" என்றார் ஷேக்.

"விற்க வேண்டாம் ஐயா. திருவிழா அன்றைக்கு மட்டும் எங்கள் ராஜாவைச் சுமக்கட்டும். சாயங்காலம் மகள் வீடு திரும்பிவிடுவாள்."

"ராஜா ரொம்பக் கனமோ?"

"தலை லேசுதான், ஐயா."

ஷேக் விழுந்து விழுந்து சிரித்தார். திருவிழாவில் ராஜா குதிரைமேல் வந்தார். ஊரே வாயைப் பிளந்தது.

மறுநாள் சபையில் ராஜா கேட்டார்: "அப்படி என்னதான்டா அரபியில் பேசினாய்?"

"முதலில் ஒன்றும் பேசவில்லை, பிரபு. சும்மா இருந்தேன்."

"சும்மா இருக்கவா இரண்டு வருஷம் படித்தாய்?" என்று பண்டிதர் பாய்ந்தார்.

"ஆமாம், பண்டிதரே. பேசுவது முதல் வருஷப் பாடம். வாயை மூடுவது இரண்டாம் வருஷப் பாடம்."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றித் திருமேனிக்குப் போட்டார்.

"யாரங்கே! பண்டிதரை உடனே இரண்டாம் வருஷத்தில் சேர்த்துவிடுங்கள்!"