கணக்கில் சேராத முதல் குழி

கணினி விரிதாளில் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் ஒரு நாள் குறைவாக வருவது இயந்திரத்தின் கோளாறு என்று பலர் நம்புகிறார்கள். ஒன்றாம் தேதி முதல் பத்தாம் தேதி வரை விடுப்பு எடுத்தவருக்கு அது ஒன்பது என்று காட்டும்போது, நன்கு படித்தவர்கள்கூடத் திரையை முறைக்கிறார்கள். இந்த நம்பிக்கையை உடனடியாகத் திருத்தியாக வேண்டும். இயந்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் செய்தது ஒரு மரங்கொத்தி.

அந்தக் காலத்தில் மலைக்காட்டில் எல்லா உயிர்களும் பேசும். ஆனால் எண்ணத் தெரிந்தது மரங்கொத்திக்கு மட்டும்தான். கரடிக்குத் தேன் எடுக்கும் நாளையும் மயிலுக்குத் தோகை உதிரும் நாளையும் அவன்தான் சொல்வான். யாராவது கேட்டவுடன் மரத்தில் ஒரு குழி போடுவான். அது தொடக்கக் குழி. காகிதத்தின் தலைப்பில் நாம் சுழி போடுகிறோமே, அதுபோல, காரியம் நல்லபடியாக நடக்க. அதன் பிறகு ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு குழி. கடைசியில் எல்லாக் குழிகளையும் எண்ணிச் சொல்வான். ஒரு நாள் முன்னால் எடுத்தாலும் தேன் இனிக்கத்தான் செய்யும் என்பதால் யாரும் குறை சொன்னதில்லை. அப்போது அவன் தலையில் செங்கொண்டை கிடையாது. கனம் மட்டும் உண்டு.

ஒரு வருடம் பெண் இருவாட்சிப் பறவை அவனைத் தேடி வந்தாள். மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசிவிட்டு, அலகு நுழையும் சந்து மட்டும் வைத்து அடைகாப்பது அவள் குல வழக்கம். நாற்பது நாள் முழுதாக முடிந்த பிறகே சுவரை உடைக்க வேண்டும். அதற்கு முன் காற்று பட்டால் குஞ்சு தாங்காது.

"எனக்கு எண்ணத் தெரியாது, தம்பி. போன வருஷம் குத்துமதிப்பா உடைச்சு ஒண்ணைப் பறிகொடுத்துட்டேன். இந்தத் தடவை உன்னை நம்பித்தான் உள்ள போறேன்."

கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி, அவள் வாசலை அடைத்த விடியலிலேயே மரங்கொத்தி பொந்துக்குக் கீழே தொடக்கக் குழியைப் போட்டான். மறுநாளிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் ஆண் இருவாட்சி ஒரு காட்டு ஜாதிக்காயைக் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டினார். அவள் கொட்டையை வெளியே துப்பினாள். இவன் முந்தைய குழிக்கு மேலே ஒரு குழி போட்டான்.

நாற்பதாவது குழி விழுந்ததும் சுவரில் தட்டினான். "ஆயிடுச்சு அக்கா, உடைக்கலாம்."

அவள் சந்து வழியாக அலகை நீட்டினாள். "குஞ்சு இன்னும் கண்ணு திறக்கலையேடா. இன்னொரு தடவை எண்ணிப் பாரேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. அவனை மறுபடி எண்ணச் சொன்னவர்கள் அதுவரை யாருமில்லை. காடு முழுவதும் கேட்கட்டும் என்று அடிக்குழியிலிருந்து சத்தமாக எண்ணினான். நாற்பது. "கண்ணு திறக்காதது உங்க பிள்ளையோட சோம்பேறித்தனம்க்கா. என் கணக்கு தப்பாது."

அவள் உடைத்தாள். அன்று காற்று பலமாக இருந்தது. மதியத்துக்குள் குஞ்சு விறைத்துப்போனது.

ஆண் இருவாட்சிக்கும் எண்ணத் தெரியாது. அவர் மரத்தடியில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மேலிருந்து குழிக்கு ஒன்றாகப் பொதித்துக்கொண்டே வந்தார். கொட்டைகள் தீர்ந்தபோது அடிக்குழி காலியாக இருந்தது. மரங்கொத்தி கீழே இறங்கிச் சருகுகளைக் கிளறினான். எங்காவது ஒரு கொட்டை உருண்டு போயிருக்கும் என்று நெடுநேரம் தேடினான். இல்லை.

"இந்தக் குழி எந்த நாளுக்கு?" என்று அவள் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"அது தொடக்கத்துக்கு, அக்கா."

"தொடங்கின உடனே ஒரு நாள் முடிஞ்சிடுமா?"

அவனுக்கு யாராவது திட்டினால் தேவலை போலிருந்தது. யாரும் திட்டவில்லை. ஆண் இருவாட்சி, எண்ணிக் கொடுத்தவனுக்கு வழக்கமாகத் தரும் அத்திப்பழத்தை அவன் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பழத்தை அவன் தொடவில்லை. அடிக்குழி இருந்த இடத்திலேயே தலையை மோதினான். உச்சியில் ஏறிய சிவப்பு பிறகு எந்த மழையிலும் கரையவில்லை. அதன் பின் எண்ணக் கற்க வந்தவர்களிடம் எல்லாம், முதல் குழி பூஜ்யம் என்பதைத்தான் முதலில் சொன்னான். அப்படிக் கற்றவர்களில் மனிதர்களும் இருந்தார்கள். அவர்கள் அதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று முதல்தான் தொடங்கிய நாள் கணக்கில் சேருவதில்லை. விரிதாளில் ஒரு தேதியிலிருந்து அதே தேதியைக் கழித்தால் பூஜ்யம் வருகிறது. இருவாட்சிகள் இப்போதும் பொந்தை அடைத்துக்கொள்கின்றன. எப்போது உடைப்பது என்று யாரிடமும் கேட்பதில்லை.