அடுப்பை அணைத்த தம்பி

உடம்புக்குள் இருப்பவர்களும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ஓர் அக்காளும் தம்பியும் குடியிருந்தார்கள். அக்காள் பெயர் நரம்பு. பார்ப்பது, பயப்படுவது, அழுவது எல்லாம் அவள் பொறுப்பு. தம்பி பெயர் காவல். புண் வழியே கிருமி புகுந்தால் அடுப்பு மூட்டிச் சுட்டுக் கொல்வது அவன் வேலை. அந்த அடுப்பைத்தான் நாம் காய்ச்சல் என்கிறோம். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிட்டதே இல்லை. அதனால் அக்காலத்து மனிதர்கள் கொதிக்கும் உடம்போடு வலை இழுத்தார்கள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவனுக்கும் கால்புண் சீக்கிரமே ஆறியது. கொடுத்துவைத்தவர்கள்.

கடலோரத்தில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி. மீன் பிடிக்கப் போன அவள் புருஷன் இசக்கிமுத்து புயலில் திரும்பவில்லை. இடுப்பில் பிள்ளையோடு அவள் கரையில் அங்குமிங்கும் ஓடியபோது சிப்பி ஓடு குதிகாலைக் கிழித்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. காவல் பார்த்தான். உடனே அடுப்பை மூட்டினான்.

மறுநாள் உடைந்த படகுப் பலகை ஒன்று கரை ஒதுங்கியது. நரம்பு முடிவே கட்டிவிட்டாள். எதையும் விசாரிக்கும் பழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது. நேரே தம்பியிடம் வந்தாள்.

"சாவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியலாமாலே? அணைச்சிரு."

"கிருமி உள்ள வந்துட்டுக்கா. இப்ப அணைச்சா தாங்காது."

"எல்லா வீட்டுலயும் அணைச்சுத்தான வைக்காவ. அதுக்காக யாரும் செத்தா போயிட்டாவ?"

துக்க வீட்டில் உலை வைக்கமாட்டார்கள், ஊர் வழக்கம் அப்படித்தான். ஆனால் அங்கே பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். ஓர் உடம்புக்குப் பக்கத்து உடம்பு காய்ச்சல் கொண்டுவந்து கொடுக்குமா? இது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அக்காள் சொல்லைத் தட்டாத பாவி, அடுப்பில் தண்ணீரை ஊற்றினான்.

குதிகால் கறுத்தது. கறுப்பு முழங்காலுக்கு ஏறியது. பெண்கள் தூக்கிவந்து படுக்கவைத்தபோது மாடத்தியின் உடம்பு ஜில்லென்று கிடந்தது. அப்போதுதான் நரம்பு பதறி ஓடிவந்து, மறுபடி மூட்டச் சொல்லிக் கெஞ்சினாள். தம்பி அழுதுகொண்டே ஊதினான். ஈர அடுப்பு பற்றவில்லை.

பசித்து அழுத குழந்தையைப் பெண்கள் அவள் மார்பில் போட்டார்கள். கடைசிப் பால் இறங்கியது.

"பிள்ளைக்காவது சொல்லி அனுப்புவோம்" என்றான் காவல். "இனி அடுப்பு மூட்டுனா மொதல்ல உன் கையைத்தான் பிடிப்பேன். நீ எங்கயும் ஓடாம படுத்துக் கெடக்கணும்."

"கெடக்கேன். ஆனா கையைக் கோத்துக்கிட்டா, நான் ஒடஞ்சு போறப்ப உன் கையும் தளந்து போகும்லே."

"தெரியும்" என்றான் தம்பி. அந்தப் பேச்சு பாலோடு பிள்ளைக்குள் போனது. உள்ளே இருந்த சின்ன அக்காளும் சின்னத் தம்பியும் கைகோத்துக்கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் மாடத்தி போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையில் இசக்கிமுத்து வந்தான். வேறு ஊர்க்கரையில் ஒதுங்கி, நடந்தே வந்திருந்தான். வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பலகை வேறு யாருடைய படகினதோ.

நாமெல்லாம் மாடத்தியின் மகள் வழி வந்தவர்கள். அன்றிலிருந்துதான் காய்ச்சல் கண்டவர் யார் பேச்சும் பிடிக்காமல் மூலையில் சுருண்டு கிடக்கிறார். துக்கத்தைச் சுமப்பவருக்குச் சின்னப் புண்கூட ஆறமாட்டேன் என்கிறது.