ஓட்டைத் துறக்க வந்தவர்

"ஓட்டையும் விட்டுட்டேன் தாயே. இனியாவது காவி கொடுப்பீங்களா?"

அங்கமுத்து இப்படிக் கேட்டபோது நாகரத்தினம் அம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். விறகு ஈரம். பதிலுக்குப் புகைதான் வந்தது.

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. மடம் என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளே ஒரு விளக்கு, இரண்டு பாய், அந்த அம்மாள். அவருக்கு யார் தீட்சை கொடுத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது. மனசு சரியில்லாதவர்கள் வருவார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். போய்விடுவார்கள்.

அங்கமுத்துதான் வந்துகொண்டே இருந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தார். தோட்டத்தில் வேலை முடிந்ததும் வந்து விறகு பிளப்பார், வாசல் பெருக்குவார். வயதில் அவர்தான் மூத்தவர். அதனால் நாகரத்தினம் அம்மாள் அவரை 'அண்ணே' என்பார். அவர் அந்த அம்மாளைத் 'தாயே' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அவர் சிலோனில் பிறந்தவர். பாட்டன் காலத்திலேயே அங்கே தேயிலைக்குப் போன குடும்பம். இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, இவர்கள் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம் என்று பிரித்தபோது, கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. மலை மட்டும் வேறு.

"நாளைக்குத் தேர்தல்" என்றார் அங்கமுத்து. "லயத்துல எல்லாரும் போறாங்க. நான் போகலை."

"ஏன்?"

"பற்று வேண்டாம்னுதான்."

"வேற என்னென்ன விட்டிருக்கீங்க அண்ணே?"

அவர் யோசித்தார். யோசிக்க அதிகம் தேவைப்படவில்லை.

"பொறந்த தோட்டத்தை விட்டேன். கூடப்பொறந்த அண்ணனை விட்டேன், அவருக்கு அங்கயே இருக்கச் சொல்லி உத்தரவு வந்துடுச்சு. பொஞ்சாதியை விட்டேன். இங்க வந்த முதல் பனியிலேயே போயிட்டா. கடைசியா இந்த ஓட்டு. இதையும் விட்டாச்சு."

நாகரத்தினம் அம்மாள் எழுந்தார். அங்கமுத்துவின் தோளில் கிடந்த கம்பளியை ஒரே இழுப்பில் இழுத்துத் தன்மேல் போர்த்திக்கொண்டார். மறுபடி அடுப்பருகே உட்கார்ந்தார்.

அங்கமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. கதவு திறந்திருந்தது. சாயங்காலப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"தாயே, அது என் கம்பளி."

"தெரியும். நல்லா இருக்கு. கம்பளியையும் விட்டுட்டீங்க."

"நான் எங்க விட்டேன்? நீங்கதானே பிடுங்கினீங்க?"

அந்த அம்மாள் அடுப்பை ஊதினார். இந்த முறை தீ பிடித்துக்கொண்டது.

அங்கமுத்து வெகுநேரம் நின்றார். தாம் சொன்ன வார்த்தை தம் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்பதுபோல இருந்தது. பிறகு மெதுவாக அடுப்பின் எதிரே குந்தினார்.

"ஓட்டு எப்போ போச்சு?" என்று கேட்டார் நாகரத்தினம் அம்மாள்.

"சிலோன்ல என் கைக்கு அது வந்ததே இல்ல தாயே. எங்க ஆத்தாவுக்குத்தான் இருந்துச்சு."

"சொல்லுங்க."

அவர் சொன்னார். முதலில் தயங்கித்தான் சொன்னார்.

"எனக்கு மீசை அரும்புற வயசு. வெள்ளைக்காரன் போகப்போற சமயம். தோட்டத்துல தேர்தல்னு பேச்சு. ஆத்தாவுக்கு ஓட்டு இருக்குன்னாங்க. அதுக்கு என்ன செய்யணும்னு அவளுக்குத் தெரியாது. ஆனா கோயில் திருவிழாவுக்குப் போற மாதிரி முந்தின நாளே தலைக்குக் குளிச்சா. தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டினா. பெட்டியில கிடந்த சேலை, ஒரே கற்பூர வாசம்."

அங்கமுத்து சிரித்தார். அவர் சிரித்து அந்த அம்மாள் பார்த்ததில்லை.

"லயம் லயமா சனம் இறங்குச்சு. மழை வேற. அட்டை ஏறாம இருக்கக் கால்ல புகையிலைத் தண்ணி தடவிக்கிட்டாங்க. பொம்பளைங்க பாட்டுப் பாடிக்கிட்டே போனாங்க. கொழுந்துக் கூடை இல்லாம அத்தனை பேர் ஒண்ணா நடந்து அன்னைக்குத்தான் பார்த்தேன். ஓட்டுப் போடுற பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பெரிய மரம். அதுக்கடியில ரொட்டியும் சம்பலும் வெச்சுச் சாப்பிட்டோம். அந்த ருசி இன்னும் நாக்குல இருக்கு தாயே. தேங்காய், மிளகாய், உப்பு. அவ்வளவுதான். அப்புறம் எத்தனையோ தடவை செஞ்சு பார்த்தாச்சு. வரலை."

"அப்புறம்?"

"ஆத்தா வரிசையில நின்னா. நான் வேலிக்கு வெளியில. அப்போ ஒரு கார் வந்துச்சு. எங்க தோட்டத்துத் துரை. அவரும் ஓட்டுப் போட வந்தாரு. நேரா வந்து ஆத்தாவுக்குப் பின்னாடி நின்னாரு."

"பின்னாடியா?"

"பின்னாடிதான். ஆத்தா திரும்பிப் பார்த்தா. அவ்வளவுதான், வெலவெலத்துப் போயிட்டா. துரை நடந்து வந்தா பாதையை விட்டு இறங்கி நிக்கணும். அப்படியே பழகின உடம்பு. சட்டுனு வரிசையை விட்டு ஒதுங்கிட்டா."

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"உள்ளே மேசை போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாரு. கண்ணாடி போட்ட தமிழாளு. அவரு எட்டிப் பார்த்துச் சொன்னாரு. 'அம்மா, நீங்க முன்னாடி வந்தவங்க. நீங்கதான் முதல்ல வரணும்.' ஆத்தாவை யாரும் அதுவரைக்கும் நீங்கன்னு கூப்பிட்டதில்ல தாயே. அவ போகமாட்டேன்னு நிக்கிறா. துரையே கையைக் காட்டிட்டாரு, போங்கன்னு. ஆத்தா உள்ள போனா. துரை வெளியில நின்னாரு. தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு."

"உங்க ஆத்தா என்ன சொன்னாங்க?"

"வழியெல்லாம் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி போட்டா. அப்புறம் சொன்னா. 'அந்தாளு நின்னாரு, பார்த்தியாடா?' அவ்வளவுதான். ஆனா அதையே ரொம்ப வருஷம் சொல்லிக்கிட்டிருந்தா."

அங்கமுத்து வாசல் பக்கம் பார்த்தார். வெளியே தேயிலைச் செடிகள் பனியில் மறைந்திருந்தன. அவர் கண்ணுக்கு அது எந்த மலை என்று அந்த நேரத்தில் தெரிந்திருக்காது.

"அடுத்த தேர்தலுக்கு எங்க ஆளுங்களுக்கு ஓட்டு இல்லைன்னுட்டாங்க. நீங்க இந்த நாட்டுக்காரங்க இல்லைன்னு சட்டம் போட்டாங்க. பிரஜாவுரிமை போச்சு. ஆத்தாவுக்கு யாரோ விளக்கிச் சொன்னாங்க. கேட்டுக்கிட்டா. தேர்தலன்னைக்குப் பார்த்தா, தலைக்குக் குளிச்சு, அதே சேலையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புறா."

"எங்கே?"

"அதான் நானும் கேட்டேன். 'ஓட்டு இல்லைன்னு தெரியும்ல ஆத்தா?' 'தெரியும்டா'ன்னா. நடந்தா. நானும் பின்னாடியே போனேன். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியில போய் நின்னா. போலீஸ்காரர் வந்து என்ன வேணும்னு கேட்டாரு. 'ஒண்ணும் வேண்டாம், சும்மா நிக்கிறேன்'னா. சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் நின்னா. அப்புறம் எப்போ தேர்தல் வந்தாலும் போவா. கால் ஒழுங்கா இருந்த வரைக்கும் போனா. தோட்டத்துல சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

நாகரத்தினம் அம்மாள் கம்பளியை இன்னும் நெருக்கிப் போர்த்திக்கொண்டார்.

அங்கமுத்து தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"என் கம்பளியைக் கொடுங்க தாயே."

"இந்தாங்க" என்றார் அந்த அம்மாள். உடனே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். வழியில் லயத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி, "அண்ணன் வரமாட்டேன்னுல்ல சொன்னீங்க" என்றாள். அங்கமுத்து காது கேளாதவர்போல முன்னால் நடந்தார்.

சாவடிக்குள் அவர் போய் வெகுநேரம் ஆயிற்று. வெளியே வரிசை முணுமுணுத்தது. உள்ளே இருந்த அலுவலர், "ஐயா, ஏதாவது புரியலையா?" என்று கேட்டார்.

"புரியுதுங்க" என்றது அட்டை மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் பொறுங்க. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கேன்."

முதல் முறையாக ஓட்டுப் போடுகிறவர் அப்படிச் சொன்னார்.

வெளியே வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. நாகரத்தினம் அம்மாள் வேலியோரம் நின்றிருந்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஏற்றத்தில் பாதி வந்ததும் அங்கமுத்து நின்றார்.

"ஆத்தா இருந்திருக்கணும்" என்றார்.

காவியைப் பற்றி அன்றைக்குப் பேசவில்லை. அதன்பிறகும் பேசவில்லை.

முடிவு வந்தது. வானொலியில் கேட்டுவிட்டு அவர் நேராக மடத்துக்கு வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"வீணாப்போச்சு தாயே."

"எது?"

"நான் போட்ட ஆளு தோத்துட்டாரு. நான் போடாமலே இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்."

நாகரத்தினம் அம்மாள் முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெயிச்சவரைப் போய்ப் பார்த்துட்டு வாங்க அண்ணே."

"அவருக்கு நான் போடலையே."

"அதையும் சொல்லிட்டு வாங்க."

"போய் என்னத்தைக் கேக்க?"

அந்த அம்மாள் அருகிலிருந்த குடத்தை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழுந்தது. மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினார்.

அங்கமுத்து வாசலில் வந்து நின்று கீழே பார்த்தார். பள்ளத்து ஓடையிலிருந்து லயத்துப் பெண்கள் குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தினமும் பார்க்கிற காட்சிதான். போன வாரம் ஒரு பிள்ளைத்தாய்ச்சி அந்த ஏற்றத்தில் வழுக்கி விழுந்திருந்தாள். லயத்துக்குக் குழாய் கிடையாது. இருக்க வேண்டும் என்று யாரும் யாரிடமும் போய்க் கேட்டதும் கிடையாது. வந்தவர்கள்தானே நாம் என்று இருந்துவிட்டார்கள்.

அடுத்த விடுமுறை நாளில் அவர் பஸ் ஏறினார்.

ஜெயித்தவர் வீடு டவுனில். வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. மாலையும் கையுமாக ஒரே கூட்டம். அங்கமுத்து ஓர் ஓரமாக நின்றார். மத்தியானம்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஜெயித்தவர் மனுஷன் மோசமில்லை. களைத்துப் போயிருந்தார். "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கீழ்த் தோட்டத்து லயம்ங்க."

"சிலோன்காரங்களா?"

"அங்க இருந்து வந்தோம்ங்க. இப்போ இங்கதான்."

தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். ஓடை, ஏற்றம், விழுந்த பெண். மேட்டிலே ஊற்று இருக்கிறது, குழாய் போட்டால் லயம்வரைக்கும் தானாகவே இறங்கும் என்றார். ஜெயித்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

ஜெயித்தவர் சிரித்தார்.

"உங்க பக்கத்துப் பெட்டியில எனக்கு ஒண்ணுமே விழலையாமே? சரி, நீங்களாவது எனக்குப் போட்டீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள்.

போட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது அவருக்குத் தெரியும். பெரிய மனிதர்களுக்கு முன்னால் அவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு இறங்கி வருவதில் அவருக்கு ஆயுள் முழுக்கப் பழக்கம் உண்டு. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க. உங்களை எதிர்த்து நின்னவருக்குப் போட்டேன்."

காதில் சொன்ன ஆள் ஒரு அடி முன்னால் வந்தார். ஜெயித்தவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவருக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

"வேற ஆளுக்குப் போட்டுட்டு என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

அங்கமுத்து நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டுப் போட்டதாலதாங்க வந்தேன்."